தாயின் நோயும் கருவின் காலமும்

கருவுற்றிருக்கும் பெண்ணைத் தொற்றுநோய் ஒன்று பற்றினால் அது வயிற்றிலிருக்கும் பிள்ளையையும் பற்றியே தீரும் என்னும் அச்சமும், மாசமாக இருப்பவளுக்கு வரும் காய்ச்சல் உடம்புச் சூட்டால் வருவது, பிள்ளை பிறந்தால் போய்விடும் என்னும் அலட்சியமும் தென்மாவட்டக் கிராமங்களில் ஒரே வீட்டுக்குள் சேர்ந்தே குடியிருக்கின்றன. இராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் வழியில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்துள்ள தேவதானத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் எடுத்துக்கொண்டால், அங்குள்ள கர்ப்பிணிகளைத் தொற்று நாடிவரும் வழிகள் அடிவாரப் புதரிலும் மாட்டுத் தொழுவத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் அன்றாட வேலையின் நெருக்கடியிலும் இருக்கின்றன. வந்த கிருமி எது, அது கர்ப்பத்தின் எந்த மாதத்தில் வந்தது, வந்திருப்பது எப்போது கண்டறியப்பட்டது என்னும் மூன்றுமே தாய்க்கும் சேய்க்கும் நேரப்போவதைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் முதல் இரண்டும் பெரும்பாலும் மனிதர் கட்டுப்பாட்டில் இல்லை. மூன்றாவது முழுவதும் மனிதர் கையில் இருக்கிறது.

தாயின் இரத்தமும் கருவின் இரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. இரண்டுக்கும் இடையே நச்சுக்கொடி என்னும் உறுப்பு நிற்கிறது. உயிர்வளியையும் உணவையும் கருவுக்குக் கொடுத்து, கழிவைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் இந்த உறுப்பு, தாயின் இரத்தத்தில் இருக்கும் கிருமிகளுள் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடுகிறது. அதே நேரத்தில், தாயின் உடல் முன்பு வந்த நோய்களுக்கும் போட்டுக்கொண்ட தடுப்பூசிகளுக்கும் எதிராக உருவாக்கி வைத்திருக்கும் எதிர்ப்புரதங்களுள் ஒரு வகையைக் கருவுக்கு அனுப்பியும் வைக்கிறது. பிறந்த குழந்தை முதல் சில மாதங்களைக் கடப்பது இந்தச் சேமிப்பைக் கொண்டுதான். இந்த அரணைத் தாண்டக்கூடிய கிருமிகள் சிலவே என்றாலும், தாண்டாத கிருமிகளுக்கும் வேறு வாயில்கள் உண்டு: பிரசவ வேளையில் பிறப்புப் பாதையிலுள்ள இரத்தமும் நீர்மங்களும் ஒன்று, பிறந்த பின் தாய்ப்பால் மற்றொன்று. தவிர, எந்தக் கிருமியும் கருவைத் தொடாத நிலையிலேயே, தாயின் கடுங்காய்ச்சலும் மூச்சுத் திணறலும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் கருவுக்குச் செல்லும் உயிர்வளியைக் குறைத்துக் கருச்சிதைவிலோ குறைமாதப் பிரசவத்திலோ கொண்டுபோய் விடக்கூடும்.

காலம் எத்தனை முக்கியம் என்பதை மருத்துவ உலகுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது ரூபெல்லா என்னும் எளிய நோய். இலேசான காய்ச்சல், முகத்தில் தொடங்கி உடலில் பரவும் மெல்லிய சிவப்புத் தடிப்பு, காதுக்குப் பின்னால் சிறு நெறிக்கட்டு என்று மூன்று நாளில் போய்விடும் இந்நோயைப் பலர் நோயாகவே கருதுவதில்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கண் மருத்துவராக இருந்த நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாக அதிகம் வருவதைக் கவனித்து, அவர்களின் தாய்மார்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்திருந்ததைக் கண்டு, 1941-இல் அதை வெளியிட்டார். கருவின் கண், காது, இதயம் ஆகியவை உருவாகும் முதல் 12 வாரங்களுக்குள் தாய்க்கு இந்நோய் வந்தால், பத்தில் ஒன்பது கருக்கள் வரை பாதிக்கப்படக்கூடும். அதே நோய் 20 வாரங்களுக்குப் பிறகு வந்தால் பிறவிக் குறைபாடு அரிது. தமிழ்நாட்டிலும் இந்தச் சுமையைக் கண் மருத்துவர்கள் கண்டனர். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பிறவிக் கண்புரையோடு கொண்டுவரப்பட்ட குழந்தைகளுள் ரூபெல்லாவின் தடயம் இருந்ததை அங்குள்ள மருத்துவர்கள் ஆய்வுகளில் பதிவுசெய்தனர்.

2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அனைவருக்கும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடும் இயக்கம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வழியே பரவிய வதந்திகளை நம்பிப் பெற்றோர் பலர் தயங்கினர். அதனால் இயக்கத்தை நீட்டிக்க வேண்டியிருந்தது. அன்று 14 வயதில் பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டுக்கொண்ட பெண் இன்று தாயாகும் வயதில் இருக்கிறார். அன்று வீட்டில் வேண்டாமென்று தடுக்கப்பட்ட பெண்ணும் அதே வயதில்தான் இருக்கிறார். உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட கிருமியைக் கொண்டது என்பதால் இந்த ஊசியைக் கர்ப்ப காலத்தில் போடுவதில்லை. போட்டுக்கொண்ட பின் ஒரு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். ஆகவே, திருமணம் நிச்சயமானதும் எடுக்கப்படும் சேலை, நகைக் கணக்கோடு இந்தத் தடுப்பூசிக் கணக்கையும் பார்த்துவிடுவது பெற்றோரின் கடமை.

சின்னம்மை வேறு வகையானது. சாத்தூருக்கு அருகே இருக்கன்குடி மாரியம்மன் கோயில் இருக்கும் மாவட்டத்தில், அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டுவதும் மாவிளக்கு நேர்ந்துகொள்வதும் பரம்பரையாக வரும் பக்தி. அம்மை கண்டவரைத் தனியே வைப்பது நோய் பரவாமல் தடுக்கவும் செய்கிறது. ஆனால் அம்மைக்கு மருந்து எடுக்கக் கூடாது என்னும் வழக்கம் கர்ப்பிணிக்கு ஆபத்தாக முடியலாம். பெரியவர்களைச் சின்னம்மை தாக்கும்போது நுரையீரல் அழற்சி வரக்கூடும்; கர்ப்பத்தின் பிற்பகுதியில் அது உயிருக்கே உலை வைக்கும். கொப்புளம் தோன்றிய 24 மணி நேரத்துக்குள் மருத்துவர் அசைக்ளோவிர் மருந்தைத் தொடங்கினால் நோயின் வேகம் குறையும். முதல் 20 வாரங்களில் வந்தால் கருவுக்குத் தோல் தழும்பு, கைகால் குறைவளர்ச்சி போன்றவை நூற்றில் ஓரிருவருக்கே நேர்கின்றன என்பது ஆறுதலான செய்தி. பிரசவத்துக்கு முந்தைய ஐந்து நாள்களுக்கும் பிந்தைய இரண்டு நாள்களுக்கும் இடையே தாய்க்கு அம்மை போட்டால் நிலைமை தலைகீழாகிறது. தாயின் உடல் எதிர்ப்புரதத்தை உருவாக்கி அனுப்புவதற்குள் குழந்தை பிறந்துவிடுவதால், பச்சிளங்குழந்தை கடுமையான அம்மைக்கு ஆளாகிறது. மாரியம்மனை வணங்குவதற்கும் மருத்துவரை நாடுவதற்கும் இடையே பகையேதும் இல்லை. இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம்.

மலையடிவாரத்துக்கே உரிய காய்ச்சல் ஒன்றும் இருக்கிறது. புதரிலும் புல்லிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைபஸ் நோயை மக்கள் உண்ணிக் காய்ச்சல் என்கின்றனர். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கறுத்த பொருக்கு உண்டாகும். அக்குள், இடுப்பு, மார்பின் கீழ்ப்புறம் என்று ஆடை மறைக்கும் இடங்களில் அது இருப்பதால், கூச்சத்தால் காட்டப்படாமலும் கவனிக்கப்படாமலும் போகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஆராய்ந்த தொகுப்பொன்றில், இக்காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்த கர்ப்பிணிகளுள் ஏறத்தாழ பாதிப்பேர் கருவை இழந்திருந்தனர். மற்றவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் டாக்சிசைக்ளினைக் கர்ப்பிணிகளுக்குத் தவிர்த்து, அசித்ரோமைசின் கொடுக்கின்றனர். உரிய நேரத்தில் கொடுத்தால் காய்ச்சல் ஓரிரு நாளில் தணியத் தொடங்கும். மருந்துக் கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஒரு வாரத்தைக் கடத்துவதால் பல இழப்புகள் நேர்கின்றன. மாந்தோப்பிலும் தென்னந்தோப்பிலும் புல்லறுக்கப் போகும் கர்ப்பிணிக்கு மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், தோட்டத்துக்குப் போனதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் மருத்துவர் அந்த வழியில் யோசிப்பார்.

டெங்குவும் சிக்குன்குன்யாவும் வீட்டுத் தொட்டியில் வளரும் ஏடிஸ் கொசுவால் வருபவை. டெங்கு, பிரசவ நேரத்து இரத்தப்போக்கைக் கூட்டும். சிக்குன்குன்யா கிருமி பிரசவ நாளில் தாயின் இரத்தத்தில் இருந்தால், பிறக்கும் குழந்தைகளுள் ஏறத்தாழ பாதிக்கு அது தொற்றுகிறது என்பதை ரீயூனியன் தீவில் 2005-06-இல் பரவிய கொள்ளைநோய் காட்டியது. இதே கொசு பரப்பும் ஜிகா கிருமி, பிரேசிலில் 2015 முதல் தலை சிறுத்த குழந்தைகள் பிறக்கக் காரணமாயிற்று; மலைக்கு அப்பால் கேரளத்தில் 2021 ஜூலையில் முதலில் கண்டறியப்பட்ட ஜிகா நோயாளி, குமரி மாவட்ட எல்லையை ஒட்டிய பாறசாலைப் பகுதியைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிதான்.

கொசுவைப்போலவே பாலும் மாடும் தொற்றைக் கொண்டுவரக்கூடும். திருவில்லிபுத்தூரின் பால்கோவா பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்யப்படுவதால் அதில் அச்சமில்லை. காய்ச்சாத பாலிலும் அதிலிருந்து எடுத்தவற்றிலும்தான் லிஸ்டீரியா, புருசெல்லா போன்ற பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும். இவை தாய்க்குச் சாதாரணக் காய்ச்சலாகத் தோன்றிக் கருவைக் கலைத்துவிடும் தன்மையுடையவை. கன்று ஈனும் பசுவின் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் இப்பகுதியில் இன்றும் உண்டு. நோயுள்ள பசுவாக இருந்தால் புருசெல்லா கிருமி மிகுதியாகக் குவிந்திருப்பது அந்த இளங்கொடியில்தான் என்பதால், கர்ப்பிணிகள் அதைத் தொடாமலும் கன்று போடும் மாட்டுக்கு உதவப் போகாமலும் இருப்பது நல்லது.

இத்தனை கிருமிகளைப் பற்றிப் பேசும்போது, எண்ணிக்கையில் முதலிடம் பெறுவன சிறுநீர்த் தொற்றுகள் என்பது மறந்துபோகிறது. கருப்பை அழுத்துவதாலும் சுரப்புகளின் மாற்றத்தாலும் சிறுநீர் தேங்குவதால், கர்ப்பிணிகளுக்கு எரிச்சலோ வலியோ இல்லாமலே சிறுநீரில் பாக்டீரியா பெருகியிருக்கக்கூடும். கவனிக்காமல் விட்டால் அது சிறுநீரகத்துக்கு ஏறிக் கடுங்குளிர் காய்ச்சலையும் குறைமாதப் பிரசவத்தையும் கொண்டுவரும். நூற்பாலைகளிலும் வயல்களிலும் வேலை செய்யும் பெண்கள், கழிப்பறைக்குப் போக இடமோ நேரமோ இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். இதை மருத்துவப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது அநீதி. ஒரு கர்ப்பிணி தாகத்தை அடக்கிக்கொண்டு வேலை பார்க்கும் நிலைக்கு அந்த வேலையிடத்தை நடத்துவோரே பொறுப்பு.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் தறிகளில் நெய்யப்படும் கட்டுத்துணி, நாட்டின் பிரசவ அறைகள் பலவற்றுக்குச் செல்கிறது. அத்தகைய தூய துணி இல்லாமல், தொப்புள்கொடியை அழுக்குக் கத்தியால் அறுத்து, சாம்பலும் சாணமும் வைத்த காலத்தில் பச்சிளங்குழந்தைகளைக் கொன்ற இசிவு நோய், தாய்க்குக் கர்ப்ப காலத்தில் போடும் தடுப்பூசியாலும் தூய்மையான பிரசவத்தாலும் அடங்கி, 2015-இல் இந்தியாவில் தாய்-சேய் இசிவு நோய் ஒழிக்கப்பட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது.

இதுவரை கூறியவற்றுள் பெரும்பாலானவை காய்ச்சலாகவோ கொப்புளமாகவோ தம்மைக் காட்டிக்கொள்பவை. எச்.ஐ.வி., சிபிலிஸ் எனப்படும் மேகநோய், ஹெபடைட்டிஸ் பி என்னும் மஞ்சள்காமாலைக் கிருமி ஆகிய மூன்றும் எந்த அறிகுறியும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கியிருப்பவை என்பதால், இரத்தப் பரிசோதனை ஒன்றே அவற்றைக் காட்டிக்கொடுக்கும். மேகநோய் பல கருக்களை வயிற்றிலேயே கொன்றுவிடும். தொடக்க நிலையில் ஒரே ஒரு பென்சிலின் ஊசி அதைத் தடுத்துவிடும். ஹெபடைட்டிஸ் பி, பெரும்பாலும் பிரசவத்தின்போது குழந்தைக்குச் செல்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், தாய்க்குத் தொற்று இருப்பது தெரிந்திருந்தால் அதனோடு எதிர்ப்புரத ஊசியும் போட்டுவிட்டால், வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடிய கல்லீரல் நோயிலிருந்து குழந்தை தப்பிவிடும்.

எச்.ஐ.வி. பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இந்திய வரலாற்றில் அது முதலில் கண்டறியப்பட்டது 1986-இல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில். கர்ப்பிணி ஒருவரை அது அடைந்த விதத்தால் நாட்டையே அதிரவைத்த நிகழ்வு நடந்ததோ தேவதானம் இருக்கும் இதே விருதுநகர் மாவட்டத்தில். 2018 டிசம்பர் தொடக்கத்தில், சாத்தூர் அரசு மருத்துவமனையில், இரத்தசோகைக்காக எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு இரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசி அரசு மருத்துவமனை இரத்த வங்கியிலிருந்து பாதுகாப்பானது என்று அனுப்பப்பட்ட அந்த இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. அதைக் கொடுத்தவர் 19 வயது இளைஞர். உறவினர் ஒருவருக்காகக் கொடுத்தார். 2016-இல் அவர் இரத்தம் கொடுத்தபோதே தொற்று தெரியவந்திருந்தும் அது அவரிடம் முறையாகப் போய்ச் சேரவில்லை என்று அப்போது வெளியான செய்திகள் கூறின. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் உண்மை தெரிந்தவுடன், தம் இரத்தத்தை யாருக்கும் ஏற்றவேண்டாம் என்று அவரே முன்வந்து மருத்துவமனைக்குச் சொன்னார். அதற்குள் இரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. அந்த மாத இறுதியில் அந்த இளைஞர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்த நிகழ்வில் நேர்மையாகவும் விரைவாகவும் நடந்துகொண்டவர் அவர். அவருக்கு உரியதாக இருந்திருக்க வேண்டியது மதிப்பும் சிகிச்சையும்.

அந்தத் தாய்க்குத் தொற்று உறுதியானதும் சிகிச்சை தொடங்கப்பட்டு, மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு அவர் மாற்றப்பட்டார். மருத்துவ நோக்கில் நிலைமை மிகவும் கடினமானது. எச்.ஐ.வி. புதிதாக உடலுக்குள் நுழைந்த முதல் வாரங்களில்தான் இரத்தத்தில் கிருமியின் எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும்; அந்த எண்ணிக்கை எவ்வளவு அதிகமோ, குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம். சிகிச்சையே இல்லாவிட்டால் நூறு குழந்தைகளுள் 15 முதல் 45 வரை தொற்றுக்கு ஆளாகக்கூடும். கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்தே தாய் கூட்டு மருந்தை எடுத்துக்கொண்டு, குழந்தைக்கும் பிறந்தவுடன் மருந்து கொடுக்கப்பட்டால் அது ஐந்துக்கும் கீழே இறங்குகிறது. சாத்தூர்த் தாய்க்கோ மருந்து வேலை செய்யச் சில வாரங்களே கிடைத்தன. 2019 ஜனவரி 17 அன்று 1.75 கிலோ எடையில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு உடனே தடுப்பு மருந்து தொடங்கப்பட்டது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புரதங்கள் 18 மாதம் வரை குழந்தையின் இரத்தத்தில் இருக்கக்கூடும் என்பதால், வழக்கமான பரிசோதனை குழந்தைக்குப் பயன்படாது. கிருமியின் மரபுப்பொருளையே நேரடியாகத் தேடும் பரிசோதனை ஆறு வாரம் கழித்துச் செய்யப்படுகிறது. அந்தக் குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னர் அறிவிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட தாய்க்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கும்படி அதே ஆண்டு ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது.

இழப்பீடு அந்தத் தாயின் வாழ்நாள் மருந்துக்கு ஈடாகாது. ஆயினும் இந்நிகழ்விலிருந்து தெளிவாகப் புலப்படும் மருத்துவ உண்மை ஒன்று உண்டு: மிகப் பாதகமான மாதத்தில், மிகப் பாதகமான வழியில் கிருமி வந்தபோதிலும், அது வந்தது தெரிந்தவுடன் நடவடிக்கை எடுத்ததால் குழந்தை காப்பாற்றப்பட்டது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்தப் பெண்ணை இரத்தம் ஏற்றிக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுவந்தது இரத்தசோகை. வெறுங்காலோடு வயலில் நடப்போரின் குடலில் குடியேறும் கொக்கிப்புழு, இப்பகுதியில் இரத்தசோகைக்குக் காரணமாகும் தொற்றுகளுள் ஒன்று. முதல் மூன்று மாதம் கழிந்தபின் கொடுக்கப்படும் பூச்சி மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் குமட்டுகிறது என்று பரணில் போடாமல் விழுங்கிவந்தால், இரத்தம் ஏற்றும் தேவையே பலருக்கு எழாது.

பரிசோதனை வேண்டும் என்பதற்காக எல்லாப் பரிசோதனையும் வேண்டும் என்பதில்லை. கரு கலைந்த பெண்களுக்கு ‘டார்ச்’ என்னும் பெயரில் பல கிருமிகளுக்கான பரிசோதனையைச் சில இடங்களில் மொத்தமாக எழுதிக்கொடுக்கின்றனர். என்றோ வந்துபோன தொற்றின் எதிர்ப்புரதம் இரத்தத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு, அதுவே கருச்சிதைவுக்குக் காரணம் என்று சொல்லித் தேவையற்ற மருந்தையும் குற்ற உணர்வையும் ஒரு பெண்ணின் தலையில் ஏற்றுவது தவறு. பழைய தொற்றின் தடயம் பெரும்பாலும் பாதுகாப்பின் அடையாளமே.

உண்மையில் வேண்டிய பரிசோதனைகள் சில. அவை தேவதானத்துப் பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் இலவசமாகவே கிடைக்கின்றன. எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் நம்பிக்கை மையங்கள் உள்ளன. 2022 ஜனவரி முதல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. இத்தகைய பரிசோதனையால் என்ன சாதிக்கலாம் என்பதற்கு இலங்கை எடுத்துக்காட்டு. அந்நாடு, தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் மேகநோயும் பரவுவதை ஒழித்துவிட்டதாக 2019 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. ஏறத்தாழ எல்லாக் கர்ப்பிணிகளையும் காலத்தோடு பதிவுசெய்து பரிசோதிப்பதே அங்கே கைக்கொள்ளப்பட்ட வழி. மாதவிலக்கு தள்ளிப்போனதும் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் 12 வாரத்துக்குள் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கணவரும் உடன்சென்று இரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தப் பரிசோதனைக்காக இரத்தம் எடுக்கப்பட்டது, அதன் முடிவு என்ன என்பதை மருத்துவமனையை விட்டு வெளியேறும் முன் ஒவ்வொரு கர்ப்பிணியும் கேட்க வேண்டும். அதைச் சொல்வது ஊழியரின் கடமை. எச்.ஐ.வி. குறித்து வெளியில் கேட்கத் தயங்குவோர், பெயர் சொல்லாமலே 1097 என்னும் இலவச எண்ணில் பேசலாம்.